ஆறாம் நம்பர் பெட் ஜிப்

மூன்று நாளில் ஏழாவது தடவையாக லென்ஸ் அக்கா அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் இருந்தது. அதன் கதவில் ‘பழுது’ என்ற அட்டையும் இருந்தது. அட்டைக்கு லிஃப்டை விட ஒன்றிரண்டு வயதுதான் குறைவு என்று தோன்றியது.

கண்ணாடியின் தடிமனால் வந்த பட்டப்பெயர் அது. ஐம்பத்துநாலு வயது, இடது முழங்காலில் வலி, துப்பறியும் தொழிலில் பதினெட்டு வருஷம். ஒரு காலத்தில் புதுக் கேஸ் என்றால் படி இரண்டிரண்டாகத் தாவுவாள். இப்போது ஒவ்வொரு படியாக எண்ணுகிறாள். மொத்தம் அறுபத்தாறு.

பின்னாலேயே மூச்சிரைக்க ஏறி வந்தவன் அவளுடைய உதவியாளன் பிரேக். டிரைவிங் ஸ்கூலில் பன்னிரண்டு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தே பிழைத்தவன். வேலை மாறி நாலு வருஷமாகியும் வலது கால் பழைய வேலையிலேயே இருந்தது. யாராவது கொஞ்சம் வேகமாகப் பேசினால்கூடத் தரையை அழுத்துவான்.

“அக்கா, மணி ஒண்ணே கால். நாலு மணிக்குக் கமிட்டி. நடுவுல சாப்பாடுன்னு ஒண்ணு உண்டா, இல்ல அது மேலயும் உங்களுக்குச் சந்தேகமா?”

“மேல போய்ப் பேசிக்கலாம்.”

“இந்த மூச்சுக்கு மூணாவது மாடியில நிக்கமாட்டேன்க்கா. நேரா இன்னும் மேல போயிடுவேன்.”

அக்கா சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டுமே.

கேஸ் இதுதான். ஆண்கள் வார்டில் ஆறாம் நம்பர் பெட்டில் ஒரு பஸ் டிரைவர், காலில் ஆறாத புண். தினமும் காலை பதினொரு மணிக்கு ஓர் ஊசி. போன திங்கட்கிழமை ஊசிக்குப் பிறகு உடம்பெல்லாம் தடித்துப்போனது. செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர் ‘இனி இந்த ஊசி வேண்டாம்’ என்று ஒரு பக்கம் டைப் செய்து, ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார். உத்தரவைக் காகிதத்தில் எழுதுவதும் போனில் சொல்வதும் அங்கே தடை. எல்லாமே கம்ப்யூட்டர் வழிதான். பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு வார்டு கம்ப்யூட்டர் அந்த ஃபைலை இறக்கிக்கொண்டது. சரியாகப் பதினொரு மணிக்கு வார்டு நர்ஸ் ஊசியைப் போட்டாள். டிரைவரின் இதயம் நாலு நிமிஷம் நின்றுவிட்டு மறுபடி ஓடியது. உயிர் தப்பியது. பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை.

எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடும் அந்த நர்ஸ், மாற்று ஆள் வராததால் பதினேழு மணி நேரமாக நின்றபடியே வேலை செய்தவள். கமிட்டி முன்னால் அவள் ஒரே ஒரு வரிதான் சொன்னாள். “உள்ள ஒண்ணும் இல்லைன்னு யாரோ சொன்னாங்க.” யார் என்று கேட்டதற்குப் பதில் தெரியவில்லை; அன்றைய காலை முழுவதுமே அவளுக்குத் தூக்கக் கலக்கத்தில் குழம்பிப்போயிருந்தது. கமிட்டி அந்த ‘யாரோ’வின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டது. இன்று நாலு மணிக்கு வேலையை விட்டு நீக்கும் உத்தரவில் கையெழுத்து.

அவளுக்காகக் கேஸ் கொடுத்தது அவளுடைய நாத்தனார். “எங்க அண்ணி பொய் சொல்லமாட்டா. சொல்லத் தெரிஞ்சிருந்தா என்கூட இத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கவே வேண்டாம்” என்றாள். ஆனால் அக்காவின் மனசில் தைத்தது சிஸ்டர் கேட்ட கேள்விதான்.

“அக்கா, நானே படிச்சிட்டு மறந்துட்டேனா? அந்த ‘யாரோ’வை நானா கற்பனை பண்ணிக்கிட்டேனா? அப்படி ஆகுமா ஒரு ஆளுக்கு?”

வேலை போனால் வேறு வேலை தேடலாம். தன் மூளை மேலேயே நம்பிக்கை போனால் எங்கே போய்த் தேடுவது?

*

வார்டில் கம்ப்யூட்டர் செக்‌ஷன்காரர் தயாராகக் காத்திருந்தார். சட்டைப் பையில் நாலு பேனா, முகத்தில் ஏற்கெனவே ஜெயித்துவிட்ட களை.

“எத்தனை தடவை மேடம் சொல்றது? ஃபைல் இந்த மெஷினுக்கு வந்தது, ரெக்கார்டு இருக்கு. இப்ப மெஷின்ல அது இல்ல. அப்ப என்ன அர்த்தம்? படிச்சிருக்காங்க, தப்பு நடந்ததும் அழிச்சிருக்காங்க.”

“இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“டாக்டர் டைப் பண்ணி ஏத்துற ஃபைல் எல்லாத்துக்கும் பேர் கடைசியில புள்ளி வெச்சு டாக்ஸ்னு ஒரு வால் இருக்கும். அந்த வாலைப் போட்டுத் தேடினேன். செவ்வாய்க்கிழமை தேதியில ஒண்ணுகூட இல்ல.”

அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். மஞ்சள் பாரித்த பழைய பெட்டி. திரையின் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிய ஒரு தாள்.

‘ஜிப் வந்தால் திறக்கவே கூடாது! உடனே 222க்குச் சொல்லவும். — க. செ.’

“இது?”

“நான் ஒட்டினது” என்றார் பெருமையாக. “ரெண்டு வருஷம் முன்னால யாரோ ஜிப் ஃபைலைத் திறந்து ஆஸ்பத்திரி முழுக்க வைரஸ். அதுக்கப்புறம் எல்லா வார்டுலயும் ஒட்டிட்டேன். ரெண்டு வருஷத்துல ஜிப் வந்துச்சுன்னு ஒரு போன் எனக்கு வந்ததில்ல. நோட்டீஸுக்கு அவ்வளவு பவர்!”

“பேயை ஓட்டக்கூட ரெண்டு மூணு தாயத்து வேணும் சார்” என்றான் பிரேக். “நீங்க ஒரே தாள்ல ஓட்டிட்டீங்க.”

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததே பாதி விடுமுறை மாதிரி இருந்தது. “வால் எல்லாம் வேண்டாம். செவ்வாய்க்கிழமை பத்து மணி பன்னிரண்டுக்கு இந்தப் பெட்டிக்குள்ள என்ன வந்துச்சோ அதைக் காட்டுங்க. நேரப்படி வரிசையா.”

அவர் வேண்டாவெறுப்பாகத் தட்டினார். பத்து பன்னிரண்டுக்கு நேரே ஒரே ஒரு ஃபைல். பெயர், ‘பெட் ஆறு’. வால், ஜிப்.

“அது... ஏதோ வைரஸ்.”

“வைரஸ் ஆறாம் பெட்டுக்கு அட்மிட் ஆக வந்துச்சா?” என்றான் பிரேக்.

“அதைத் தொடாம ஒரு நகல் எடுங்க” என்றாள் அக்கா. “நகலோட வாலை மட்டும் வெட்டிட்டு, டாக்டர் வெச்ச வாலை ஒட்டுங்க.”

நகல் எடுத்தார். ஜிப்பை அழித்து டாக்ஸ் என்று மாற்றினார். இரண்டு தடவை தட்டினார். திரையில் ஒரு பக்கம் வெள்ளையாக விரிந்தது. நடுவில் ஒரே ஒரு வாக்கியம்: ‘பெட் ஆறு. இன்று முதல் காலை ஊசியை நிறுத்தவும், ஒவ்வாமை.’

மூன்று பேரும் அந்த வரியைப் படித்தார்கள்.

“எப்படி அக்கா?” என்றான் பிரேக்.

“அந்த மாதிரி ஃபைலே உள்ளுக்குள்ள ஒரு ஜிப் மூட்டைதான். பல சின்ன ஃபைலைக் கட்டி வெச்சிருக்கும். இணையத்துல இருந்து ஃபைலை இறக்குற பிரவுசர் புதுசா இருந்தா பேரைப் பார்த்து நம்பிடும். இது பழசு. சில நேரம் பேரை நம்பாம மூட்டைக்குள்ள கையை விட்டுப் பார்த்துட்டு, ‘நீ ஜிப்’னு வாலை மாத்திச் சேர்த்துக்கும். மத்த வார்டுல எல்லாம் புது மெஷின், அங்க ஒழுங்கா இறங்கியிருக்கு.”

“கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளையை வாசல்லயே நிறுத்தி, ‘பெட்டி தூக்கறவன்தானே, பின்பக்கமா வா’ன்னு சொன்ன மாதிரி.”

“அந்த மாதிரிதான்” என்றாள் அக்கா. “அந்தம்மா ஜிப்பைப் பார்த்திருக்கா, நோட்டீஸைப் பார்த்திருக்கா, திறக்கல. சொன்னபடி கேட்டிருக்கா.”

கம்ப்யூட்டர் செக்‌ஷன்காரரின் கை சட்டைப் பையின் பேனாக்களைத் தொட்டுச் சரிசெய்தது. ஆனால் ஆள் லேசில் விடுகிறவரில்லை. “சரி மேடம், திறக்கல. நோட்டீஸ்ல ரெண்டாவது வரியும் இருக்கே? உடனே 222க்குச் சொல்லணும். என் புகார் நோட்டுல அன்னைக்கு ஒரு பதிவும் இல்ல. அப்ப வந்த உத்தரவைப் படிக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. இது முன்னைவிட மோசம் இல்லையா?”

பிரேக்கின் வலது கால் தரையை அழுத்தியது.

ஆள் எரிச்சலூட்டினாலும் அவர் சொன்னது நியாயம். கமிட்டியும் இதையேதான் சொல்லும். அக்காவுக்குத் தலையை மேஜை மேல் சாய்த்துவிடலாமா என்றிருந்தது. கிணறு வெட்டப் போய்ச் சிஸ்டரின் காலடியிலேயே இன்னும் ஒரு முழம் தோண்டியாகிவிட்டது.

எழுந்திருக்கும்போதுதான் அவளுக்கு அந்தப் பெருமை ஞாபகம் வந்தது. ரெண்டு வருஷத்தில் ஒரு போன்கூட வரவில்லை. இந்தப் பெட்டி செவ்வாய்க்கிழமைதான் முதல் தடவையாக வாலை மாற்றியதா? இல்லையென்றால் முன்னால் வந்த போன்கள் எல்லாம் எங்கே போயின?

“சார், இந்த 222ன்னு அடிச்சா நேரா உங்க டேபிள்ல மணி அடிக்குமா?”

“இல்ல, அது கீழ டெலிபோன் ரூம். எல்லாப் புகாருக்கும் அதே நம்பர்தான். ஆபரேட்டர் எழுதிக்கிட்டு எங்களுக்குச் சொல்லுவாங்க.”

“பிரேக், இறங்கு.”

“இப்பதானேக்கா ஏறினோம்!”

*

டெலிபோன் ஆபரேட்டர் காதில் ஒரு போனும் தோளில் ஒரு போனுமாக இருந்தாள். முன்னால் தடிமனான நோட்டு. சுவரில் அவளே எழுதி ஒட்டிய பட்டியல்: ஃபேன் எலக்ட்ரீஷியனுக்கு, குழாய் பிளம்பருக்கு, எலி தோட்டக்காரருக்கு.

“எலி எதுக்குத் தோட்டக்காரருக்கு?” என்றான் பிரேக்.

“அவருதான் பயப்படமாட்டாரு” என்றாள் அவள், நிமிராமலே.

அக்கா செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைக் கேட்டாள். ஆபரேட்டர் நோட்டைத் திருப்பி வைத்தாள். அக்கா மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு விரலால் வரிவரியாக இறங்கினாள். பத்து இருபது. ஆண்கள் வார்டு. ‘ஆறாம் நம்பர் பெட் ஜிப். திறக்கலை. அவசரம்.’

சிஸ்டர் போன் செய்திருக்கிறாள். ஃபைல் இறங்கிய எட்டாவது நிமிஷம்.

“இதை யாருக்குச் சொன்னீங்க?”

“இது என்ன கேள்வி? ஜிப்புன்னா தையல் ரூமுக்கு.”

“தையல் ரூமுக்கா!”

“பின்ன? மெத்தை உறை ஜிப் தினம் ரெண்டாவது பிய்ச்சுக்கும். ஜிப்னு வர்ற போன் எல்லாம் எத்தனையோ வருஷமா தையல் ரூமுக்குத்தான் போகுது. ஏன், போயிருக்கக் கூடாதா?”

இந்தத் தடவை அக்கா சொல்வதற்கு முன்பே பிரேக் படியிறங்கத் தொடங்கினான்.

*

தையல் ரூம் அடித்தளத்தில் இருந்தது. மலைபோல் குவிந்த போர்வைகளுக்கு நடுவே ஒரு மெஷின், ஒரு மஞ்சள் பல்பு, கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்ட தையல்காரர். ஆட்கள் வருவதே அபூர்வம் போல. முகமெல்லாம் மலர்ந்து, இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்து அக்காவிடம் நகர்த்தினார்.

“போன செவ்வாய்க்கிழமையா? எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்மா. ஒரு பட்டன் தெச்சாக்கூட எழுதிடுவேன்.” நோட்டைப் புரட்டினார். “பாருங்க, இந்த ஆஸ்பத்திரியில ஜிப் வேலைதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. ‘ஜிப்னு கூப்பிட்டார்கள், சென்றேன், பிய்ந்த ஜிப்பே இல்லை, திரும்பினேன்.’ இப்படியே ரெண்டு வருஷத்துல பத்துப் பன்னிரண்டு தடவை. எல்லாம் அந்த ஆண்கள் வார்டுதான். பெருசா கண்டுக்கலை. பெரிய படிப்புப் படிச்சவங்க, ஏதோ மறதி.”

“செவ்வாய்க்கிழமை?”

“இதோ. பத்து ஐம்பதுக்குப் போனேன். ஆறாம் பெட்டுல ஜிப்பே கிடையாது, நாடா வெச்ச உறை. பக்கத்துல ஏழாம் பெட் காலியா இருந்துச்சு. அதுல ஜிப் இறுகிக் கிடந்தது. நம்பர் மாத்திச் சொல்லிட்டாங்கன்னு மெழுகு தேச்சுத் திறந்துட்டேன்.”

“சிஸ்டர் எங்க இருந்தாங்க?”

“திரைக்கு அந்தப் பக்கம். யாரோ வாந்தி எடுத்துக்கிட்டிருந்தாரு, அவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு அந்தப் பொண்ணு. நான் இங்கிருந்தே, ‘ஜிப் பார்க்க வந்தேன்’னு குரல் கொடுத்தேன். ‘திறந்துச்சா?’ன்னு கேட்டுச்சு. திறந்துடுச்சுன்னேன். ‘உள்ள ஏதாவது இருக்கா?’ன்னு கேட்டுச்சு.”

அக்கா ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்த சொல்றது? மெத்தை உறைக்குள்ள என்னம்மா இருக்கும்? ஒண்ணும் இல்லைன்னேன். ‘நல்லாப் பாத்தீங்களா?’ன்னு மறுபடியும் கேட்டுச்சு. மோதிரம் கீதிரம் ஏதாவது விழுந்திடுச்சோன்னு நெனைச்சு, தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். ‘நல்லாப் பாத்துட்டேன் சிஸ்டர், உள்ள ஒண்ணும் இல்ல’ன்னேன். ‘சரிண்ணா’ன்னுச்சு.” அவர் நிமிர்ந்தார். “ஏம்மா, ஏதாவது காணாமப் போச்சா?”

மெஷின் ஊசியில் பாதி தைத்த தலையணை உறை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ ‘யாரோ’க்களைத் தேடிப் பிடித்திருக்கிறாள். திருடன், பொய்யன், கூடப் பிறந்தவனையே ஏமாற்றியவன். பிடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கிறாள். இந்த ‘யாரோ’ அவளுக்கு உட்கார ஸ்டூல் துடைத்துக் கொடுத்திருந்தார்.

சொல்லாமல் போய்விடலாம். நோட்டு ஒன்றே போதும் கமிட்டிக்கு. ஆனால் சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பேசும், இவர் காதுக்கும் வரும். சிரித்துக்கொண்டே யாராவது சொல்வார்கள். அதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தர் சொல்லிவிடுவது நல்லது.

“அண்ணா, நீங்களும் அந்தப் போர்வை மேல கொஞ்சம் உட்காருங்க” என்றாள்.

சொன்னாள். கொஞ்ச நேரம்தான் ஆயிற்று. தையல்காரர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, சுருட்டி, மறுபடி பிரித்தார்.

“ஆறாம் பெட்டுன்னா... அந்த பஸ்காரரா? நான் போறப்ப முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. ‘வாங்க வாங்க’ன்னு காலை நகர்த்தி வழி விட்டாரு.”

பிரேக் திரும்பி நின்று போர்வைக் குவியலை எண்ணுவது போல் பாவனை செய்தான்.

“நீங்க வரணும்னு கட்டாயம் இல்ல” என்றாள் அக்கா. “நோட்டைக் கொடுத்தா போதும்.”

அவர் மெஷினின் விளக்கை அணைத்தார். தலையணை உறை ஊசியிலேயே கிடந்தது.

*

கமிட்டி அறையில் ஐந்து நாற்காலிகள், ஒரு ஃபேன். டாக்டரின் அச்சிட்ட உத்தரவையும் ஆபரேட்டரின் நோட்டையும் கமிட்டித் தலைவரான ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் மாறி மாறிப் பார்த்தார். கம்ப்யூட்டர் செக்‌ஷன்காரர் கூரையைப் பார்த்தார்.

“சரி, போன் பண்ணியிருக்காங்க, ஒத்துக்கறேன்” என்றார் கண்காணிப்பாளர். “ஆனா உள்ள ஒண்ணும் இல்லைன்னு யாரோ சொன்னாங்கன்னு இவங்க சொல்றாங்களே. அந்த யாரோ யாரு? அதுக்கு இன்னும் பதில் வரலையே?”

சிஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதவோரத்தில் இருந்து ஒரு குரல் வந்தது.

“நான்தாங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். தையல்காரர் நோட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

“திறந்துச்சான்னு கேட்டாங்க. உள்ள ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க. நல்லாப் பாத்தீங்களான்னும் கேட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னு சொன்னது நான். பத்து ஐம்பதுக்கு. எழுதியிருக்கேன்.”

சிஸ்டர் தலையை நிமிர்த்தினாள். அந்தக் குரலைக் கேட்டதும் அவள் முகத்தில் ஏதோ ஒன்று தன் இடத்துக்குத் திரும்பி வந்ததை அக்கா பார்த்தாள்.

கண்காணிப்பாளர் நோட்டை வாங்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். நீக்கல் உத்தரவை எடுத்து மற்றக் காகிதங்களுக்கு அடியில் செருகினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய சலுகை போலச் சொன்னார். “சிஸ்டர் நாளைக்குக் காலையில இருந்தே டியூட்டிக்கு வரலாம்.”

“முதல்ல அந்தம்மாவைத் தூங்க விடுங்க சார்” என்றான் பிரேக். அது ஜோக் இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சு. சிஸ்டர் அதில் உட்கார்ந்ததும் நாத்தனார் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

“அப்ப நான் கேட்டேன்” என்றாள் சிஸ்டர்.

“கேட்டே” என்றாள் அக்கா.

“நானா கற்பனை பண்ணல.”

“பண்ணல. ரெண்டு தடவை கேட்டிருக்கே.”

சிஸ்டர் தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. “அவருக்கு இன்னும் பேச்சு வரலைக்கா” என்றாள். “வரல” என்றாள் அக்கா. வந்துவிடும் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

தையல்காரர் கொஞ்சம் தள்ளி, தூணோரம் நின்றார். வரவும் முடியாமல் போகவும் முடியாமல், நோட்டைக் கொடுத்துவிட்ட கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் டேப்பைப் பிசைந்துகொண்டிருந்தார். சிஸ்டர் அவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு பெஞ்சில் தனக்குப் பக்கத்தில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“உட்காருங்கண்ணா” என்றாள்.